எதிராளியின் வாதத்தை எழுதி வைத்தவர்கள்

சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்குப் போகிற வழியில் இருக்கிறது கீரப்பாளையம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையூர். இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீராணம் ஏரியைச் சொல்வார்கள், நெல் வயலைச் சொல்வார்கள், நடராசர் கோயிலைச் சொல்வார்கள். விவாதத்தைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் தமிழில் எதிராளியின் வாதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுக்கும் கலை வளர்ந்த இடங்களைப் பட்டியல் போட்டால், அவற்றில் பல இந்த ஊரைச் சுற்றியே வருகின்றன. வெள்ளாற்றைத் தாண்டினால் புவனகிரி. தெற்கே சிதம்பரமும் அதை ஒட்டிய கொற்றவன்குடியும். வடமேற்கே பண்ருட்டிக்கு அருகில் திருத்துறையூர். கடற்கரையோடு தெற்கே இறங்கினால் தரங்கம்பாடி, காரைக்கால்.

இன்றைய பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் விவாதப் போட்டி என்று சொன்னால் முதலில் செய்வது என்ன? தன் பேச்சை இரண்டு மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்வது. எதிரணி பேசும்போது அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பது. எதிரணி என்ன சொன்னது என்பதில் ஒரு வரிகூடக் கையில் இருக்காது. பேச்சுப் போட்டிக்கு இது போதும். விவாதத்துக்குப் போதாது. பழைய காலத்தில் இப்படி ஒருவர் வாதத்துக்கு வந்திருந்தால் வாயைத் திறப்பதற்கு முன்பே தோற்றவராகியிருப்பார். இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல, அப்படி ஒரு விதியே இருந்தது.

கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தில் ஒருவர் தோற்றதாகக் கொள்ளப்படும் நிலைகளை 22 ஆக எண்ணுகிறது. நிக்கிரகத்தானம் என்று பெயர். அதில் ஒன்று அனனுபாஷணம். எதிராளி தன் வாதத்தை மூன்று முறை சொல்லி, அவையோருக்கும் அது விளங்கிவிட்ட பிறகு, அதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் ஒருவர் விழித்தால் அவர் தோற்றவர். மறுக்க முடியாமல் போவது வேறு தோல்வி. இது அதற்கும் முந்தியது, எதிராளி சொன்னதைச் சொல்லத் தெரியாத தோல்வி. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருவர் மூன்று முறை சொல்லியும் அவைக்கும் எதிராளிக்கும் விளங்காதபடி பேசினால், பேசியவர்தான் தோற்றவர். வேகமாகப் பேசி மடக்குவதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தக் காலத்து நடுவர்கள் இடம் கொடுக்கவில்லை.

இந்த விதிக்காகத்தான் பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற முறை வந்தது. முதலில் எதிராளியின் கட்சியை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அது பூர்வபட்சம். பிறகுதான் மறுப்பு, அதன் பிறகு தன் முடிவு. தமிழில் மணிமேகலை 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவரும் தம் கொள்கையைச் சொல்ல, மாதவன் வடிவில் இருக்கும் மணிமேகலை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். அங்கே அவள் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம்.

குறிப்பெடுத்தவரே வாதத்துக்கும் போன ஒரு கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சேக்கிழார் அதை அரங்கேற்றியது தில்லையில் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதை அதிகம் பேசப்படுவதில்லை. திருஞானசம்பந்தர் பாடப் பாட ஏட்டில் எழுதிக்கொண்டு கூடவே நடந்தவர் சம்பந்த சரணாலயர். காரைக்கால் பக்கத்தில் போதிமங்கை என்னும் ஊரில் பௌத்தர்களோடு மோதல் வந்தது. முதலில் வந்த புத்தநந்தி இறந்துபோக, அடுத்துச் சாரிபுத்தன் என்பவர் மந்திரம் வேண்டாம், சமய வாதம் செய்யுங்கள் என்று வந்தார். சம்பந்தர் தாம் வாதிடவில்லை. பதிகம் எழுதுகிற அந்த அன்பரையே பேசச் சொன்னார்.

அவர் பேசிய முறையைப் பார்த்தால் எழுதிப் பழகிய கை தெரிகிறது. எதிராளியின் இரண்டு கூற்றுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். கந்தங்கள் ஐந்தும் அழிவதே முத்தி என்கிறீர்கள். முத்தி அடைந்த உங்கள் தலைவருக்குப் பள்ளி கட்டிப் பூசையும் செய்கிறீர்கள். கந்தங்கள் எல்லாம் அழிந்துபோனால் அந்தப் பூசையைக் கொள்வது யார்? வெளியிலிருந்து ஒரு ஆதாரமும் கொண்டுவரவில்லை. எதிராளி வாயிலிருந்து வந்த இரண்டு வாக்கியங்களே போதுமாக இருந்தன. இன்றைய விவாதப் பயிற்சியாளர்கள் முரண்பாட்டைப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். முதல் பேச்சாளர் சொன்னதும் மூன்றாம் பேச்சாளர் சொன்னதும் ஒரே தாளில் இருந்தால்தான் இது கண்ணில் படும். (சாரிபுத்தன் தரப்பில் யாராவது எழுதி வைத்திருந்தால் அந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். அது கிடைக்கவில்லை.)

மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படும் அனல்வாதமும் அப்படியே. சம்பந்தர் ஏட்டுக்கட்டைப் பிரித்து ஒரு ஏட்டை எடுத்து நெருப்பில் இட்டார் என்கிறது புராணம். அற்புதத்தை நம்புகிறவர் நம்பட்டும். ஏட்டுக்கட்டு கையில் இருந்தது என்பதே இந்தக் கட்டுரைக்கு வேண்டியது.

13ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் குறிப்பெடுப்பது ஒரு நூல் வடிவமாகவே ஆகிவிடுகிறது. திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியர் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை விரித்துச் சிவஞான சித்தியார் எழுதினார். அதை இரண்டாகப் பிரித்தார். தம் கொள்கையைச் சொல்வது சுபக்கம். மற்றவர் கொள்கையைச் சொல்லி மறுப்பது பரபக்கம். பரபக்கத்தில் 14 மதங்கள் வருகின்றன. உலகாயதர், பௌத்தரில் நான்கு பிரிவினர், நிகண்டவாதி, ஆசீவகன், பட்டாசாரியன், பிரபாகரன், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியன், நிரீச்சுர சாங்கியன், பாஞ்சராத்திரி. ஒவ்வொன்றுக்கும் முதலில் அந்த மதம், அடுத்து அதன் மறுதலை.

இதை ஒரு தாளில் நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தால் இடப்பக்கம் எதிராளி, வலப்பக்கம் பதில். இன்று அமெரிக்கப் பள்ளிகளில் விவாத மாணவர்களுக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுக்கும் ஃபுளோ தாளும் இதே வடிவம்தான். பட்சம் என்ற வடசொல்தான் தமிழில் பக்கம் ஆயிற்று. நோட்டுப் புத்தகத்தின் பக்கத்துக்கும் கட்சிக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்தது ஒரு நல்ல தற்செயல்.

சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் 1313ல் சங்கற்ப நிராகரணம் எழுதினார். அதிலும் சங்கற்பம் என்பது எதிராளியின் கூற்று, நிராகரணம் என்பது மறுப்பு. வித்தியாசம் என்னவென்றால் அருணந்தி தூரத்துச் சமயங்களையும் சேர்த்து எழுதினார். உமாபதி மாயாவாதியில் தொடங்கினாலும், பெரும்பாலும் தமக்கு மிக நெருக்கமாக நின்ற சைவப் பிரிவுகளையே எடுத்துக்கொண்டார். அதுதான் கடினம். நெருங்கி நிற்பவரின் வாதத்தில் வேறுபாடு ஒரு சொல்லில் இருக்கும். அந்தச் சொல்லைத் தவறவிட்டால் மறுப்பு முழுவதும் வேறு யாரையோ மறுப்பதாகிவிடும்.

இந்தக் குறிப்புகள் வாதம் முடிந்ததும் தூக்கி எறியப்படவில்லை. சில சமயங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பதே எதிராளியின் குறிப்புத்தான். ஆசீவகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் வடக்கிலும் தெற்கிலும் பரவியிருந்த சமயம். அவர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று கையில் இல்லை. ஏ.எல். பாஷம் 1951ல் ஆசீவகர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது தமிழிலிருந்து அவருக்கு உதவியவை மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் மூன்றும். முதலாவது பௌத்த நூல், இரண்டாவது சமண நூல், மூன்றாவது சைவ நூல். மூன்று பேரும் ஆசீவகத்தை மறுக்க வந்தவர்கள்! மறுப்பதற்காக ஒழுங்காகக் குறித்து வைத்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் மறைந்துபோனார்கள். குறிப்பு நின்றது.

ஆனால் அந்தக் குறிப்பு எவ்வளவு நம்பத்தக்கது? அங்கேதான் சிக்கல். மணிமேகலையும் நீலகேசியும் சொல்லும் ஆசீவகத்துக்கும் சித்தியார் சொல்லும் ஆசீவகத்துக்கும் இடைவெளி இருக்கிறது. சித்தியாரில் வரும் ஆசீவகன் சமணனைப்போலவே பேசுகிறான். பின்னால் வந்த உரைகாரர்களும் ஆசீவகரைத் திகம்பர சமணரின் ஒரு பிரிவாக எண்ணும் நிலைக்குப் போனார்கள். நேரில் கேட்டு எழுதுவதற்கும் கேட்டவர் சொல்லக் கேட்டு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. குண்டலகேசிக்கும் இதே கதிதான். ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று என்று பெயர் இருக்கிறது, நூல் முழுதாக இல்லை. பிற நூல்களில் மேற்கோளாகத் தப்பிய கொஞ்சம் பாடல்கள் உண்டு. அந்தப் பௌத்த வாதப்பெண் என்ன வாதம் செய்தாள் என்று அறிய, அவளை மறுக்க எழுந்த நீலகேசியைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. தோற்றவர் பேச்சு வென்றவர் ஏட்டில்.

மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கொஞ்சம் செய்தி கிடைக்கிறது. இரண்டு முறை கேட்டவன் பெரிதாகப் பிழை செய்யமாட்டான், மூன்று முறை கேட்டவன் பிறருக்குச் சொல்லும் தகுதி பெறுவான் என்கிறார் பவணந்தி. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் அதனால் வருவது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். இதே பாயிரத்தில் ஏழுவகை மதம் என்றும் ஒரு பட்டியல் உண்டு. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுத்துவது, இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வது. நூல் எழுதுவோருக்காகச் சொன்னது இது. ஆனாலும் குறிப்புத் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வாதத்துக்கும் எதிரே ஒரு அடையாளம் போட இந்த ஏழும் அப்படியே பயன்படும். எல்லாவற்றையும் மறுத்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் மாணவனுக்கு, ஏற்றுக்கொண்டு களைவது என்ற வழியும் இருக்கிறது என்று தெரிவதே பெரிய விஷயம்.

ஓலையில் வேகமாக எழுத முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. எழுத்தாணியால் கீறி எழுதுகிறவர், பேசுகிறவர் வேகத்துக்கு ஓட முடியாது. ஆகவே பெரும்பாலும் பகலில் கேட்டுவிட்டு இரவில் எழுதினார்கள். இதற்கு ஒரு நல்ல உதாரணம் கீரப்பாளையத்துக்கு ஆற்றின் மறுகரையில் பிறந்தவர்.

புவனகிரியில் 1595ல் பிறந்ததாகச் சொல்லப்படும் வேங்கடநாதன் பின்னாளில் மந்திராலயம் ராகவேந்திரர் ஆனார். கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரிடம் படித்த காலத்தில் நடந்ததாக மடத்து மரபில் ஒரு கதை உண்டு. ஜயதீர்த்தரின் நியாயசுதா என்ற கடினமான தர்க்க நூல் பாடம். ஒரு நாள் ஓர் இடம் யாருக்கும் விளங்காமல் பாடம் நின்றுவிட்டது. வேங்கடநாதன் சரியாகப் படிப்பதில்லை, தூங்குகிறான் என்று சக மாணவர்கள் புகார் வேறு சொல்லியிருந்தார்கள். நள்ளிரவில் குரு வந்து பார்த்தார். பையன் குளிரில் போர்வை இல்லாமல் படுத்திருந்தான். பக்கத்தில் ஓலைகள். எடுத்துப் படித்தால் பகலில் நின்றுபோன அந்த இடத்துக்கே விளக்கம் எழுதியிருந்தது. தம் மேலாடையை அவனுக்குப் போர்த்திவிட்டு ஓலைகளை எடுத்துப் போனார் குரு. காலையில் ஓலையைக் காணோம் என்று பையன் பதறினான். வகுப்பில் குரு அதைப் படித்துக் காட்டி, சுதாவுக்கு இது பரிமளம் என்று பெயர் வைத்தார். பரிமளாசாரியர் என்ற பட்டம் அப்படி வந்தது.

கதையில் பக்தர்கள் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் நியாயசுதாவுக்கு அவர் எழுதிய பரிமளம் கைக்கு எட்டும் நூல். அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி டிப்பணி வகை, அதாவது குறிப்புரை. இன்று அவரை நினைப்பவர்கள் பிருந்தாவனத்தையும் வியாழக்கிழமையையும் நினைக்கிறார்கள். தம் மடத்துக்காரர்களுக்கு அவர் குறிப்பெழுதும் ஆசாரியராகவும் இருந்தார் என்பது வெளியே அதிகம் தெரியாது. விளங்கிய இடத்தை எல்லாம் எழுதாமல், விளங்காமல் நின்ற இடத்தை மட்டும் எழுதினார் என்பதுதான் அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. மாணவர்கள் பொதுவாக இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். புரிந்ததை அழகாக எழுதி அடிக்கோடு போடுகிறார்கள், புரியாததை விட்டுவிடுகிறார்கள்.

தாளும் இறகுப் பேனாவும் வந்தபோது குறிப்பெடுப்பவர்களும் மாறினார்கள். 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஊர் ஊராகப் போய் அந்தணர்களோடும் மற்றவர்களோடும் சமய உரையாடல் நடத்தினார். அவை எழுதப்பட்டு ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போயின. அவற்றில் 34 உரையாடல்கள் 1719ல் லண்டனில் ஆங்கிலத்திலும் அச்சாயின. எதிராளி சொன்ன கூர்மையான கேள்விகள் பல அவற்றில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் எழுதியது ஒரு தரப்பு மட்டும். கடைசி வார்த்தை பெரும்பாலும் எழுதியவருடையதாகவே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு தரப்பும் எழுதியது என்றால் 19ஆம் நூற்றாண்டின் அருட்பா, மருட்பா சண்டையைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த வள்ளலாரின் பாடல்கள் 1867ல் திருவருட்பா என்ற பெயரில் அச்சாகின. ஆறுமுக நாவலர் எதிர்த்தார். 1869ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன்னும் பின்னும் கண்டனப் பிரசுரங்கள் குவிந்தன. எதிராளியின் வரியை எடுத்துப் போட்டு அதன் கீழே மறுப்பு எழுதும் பழைய பரபக்க முறை அச்சுக்கு ஏறிவிட்டது. வசவும் தாராளமாகவே இருந்தது. இருந்தாலும் யார் என்ன சொன்னார் என்று இன்றும் சரிபார்க்க முடிகிறது.

மேடை விவாதம் இந்த வழியில் வந்து சேர்ந்த இடம் 1943. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமா என்பது பொருள். பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவுக்கு எதிரே ரா.பி. சேதுப்பிள்ளை. மார்ச் 14 அன்று சேலத்தில் எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். எதிரே நின்ற இருவருமே முன்பு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர்கள். அண்ணா பக்கம் வந்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். அந்த விவாதங்கள் தீ பரவட்டும் என்ற நூலாக வந்தன. யாராவது உட்கார்ந்து எழுதியிருக்காவிட்டால் கைதட்டலோடு முடிந்திருக்கும்.

இனி இன்றைய வகுப்பறைக்கு வரலாம். ஃபுளோ முறையில் தாளைப் பேச்சாளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீளவாக்கில் பத்திகளாகப் பிரிக்கிறார்கள். முதல் பேச்சாளரின் வாதங்கள் முதல் பத்தியில் இடம் விட்டு விட்டு. அதற்கு வந்த பதில் அடுத்த பத்தியில் அதே வரிசையில், நடுவே ஒரு அம்பு. தன் அணிக்கு ஒரு நிற மை, எதிரணிக்கு வேறு நிற மை. எந்த வாதத்துக்கு எதிரே பத்தி காலியாக இருக்கிறதோ அதற்குப் பதில் வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். எழுதிய வரிகளைவிட அந்தக் காலி இடம்தான் பல நேரம் போட்டியை ஜெயிக்க வைக்கிறது.

இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஒரு இடத்தில் இடிக்கும். ஆங்கிலத்தில் இல்லை என்ற சொல் பொதுவாக வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். தமிழில் கட்சி எது என்பது கடைசிச் சொல்லில் இருக்கிறது. வேண்டும், வேண்டாம். முடியும், முடியாது. தவறு, தவறல்ல. சொற்களின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் எழுதிச் சுருக்குகிற மாணவன் வேண்டும், வேண்டாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுவான். பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் எதிரணி ஆதரித்ததா எதிர்த்ததா என்று அவனுக்கே தெரியாது. ஆகவே தமிழில் குறிப்பெடுக்கப் பழக்கும்போது இரண்டு விஷயம் முதலில் வரவேண்டும். வினைமுற்று வரும்வரை பேனாவை நிறுத்தி வைப்பது. பிறகு வாக்கியத்தின் முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டுவிட்டுப் பொருளை ஒரு சொல்லில் எழுதுவது. கல்லூரிக் கட்டணம் பற்றிய விவாதம் என்றால் கட்டணம் என்று பத்து முறை எழுதத் தேவையில்லை, க என்று ஒரு வட்டம் போதும். ஆண்டு, தொகை, பெயர் ஆகியவற்றை மட்டும் முழுதாக எழுத வேண்டும். நினைவு ஏமாற்றுவது அவற்றில்தான். சொன்ன ஆதாரத்தின் பெயரும் அதில் சேரும். பட்டிமன்றங்களில் நடுவர் கையில் வைத்திருக்கும் சிறிய தாள்களில் வாக்கியங்கள் நிறைய இருந்தால் அவரால் தீர்ப்புக்கு அவற்றைப் புரட்டக்கூட முடியாது.

அனனுபாஷண விதியையும் வகுப்பில் பயிற்சியாக வைக்கலாம். இரண்டு மாணவர், ஒரு பொருள். முதலாமவர் இரண்டு நிமிடம் பேசுவார், இரண்டாமவர் எழுதுவார். பேச்சு முடிந்ததும் உடனே மறுக்கக்கூடாது. தன் தாளைப் பார்த்து முதலாமவரின் வாதத்தை அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்றால் திருத்திக்கொண்டு மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்று வாய்ப்பு. ஆமாம், இதைத்தான் சொன்னேன் என்று எதிராளி தலையசைத்த பிறகே வலப்பக்கத்தில் முதல் வரி எழுதலாம்.